ஜமேதார் ராயப்பன் பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம்

1

இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. வட இங்கிலாந்தில் பஞ்சாலைகள் நிறைந்த ஊர். லாரி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. யுத்தத்தில் எங்கள் பட்டாளக் கம்பெனிக்குக் கேப்டனாக இருந்தவருடைய தகப்பனார் பட்டறை அது. செஞ்சியில் நிலையான வேலை இல்லாமல் நான் சுற்றிக்கொண்டிருந்தபோது கேப்டன் கூப்பிட்டார். மனைவி மார்த்தாவையும் மகள் பிலோமினாவையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் ஊர் முழுக்க ஒரே திசையில் நடக்கும். மேல்மலையனூர் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். எல்லோரும் போவது பந்தாட்ட மைதானத்துக்கு. நானும் போகிறேன். குளிரில் நெருக்கியடித்து நிற்பதில் ஒரு கதகதப்பு இருக்கிறது.

செஞ்சியில் மேனேஜர் என்றால், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர். இங்கே பந்தாட்டக் குழுவுக்கும் ஒரு மேனேஜர் உண்டு என்று கேட்டபோது, டிக்கெட் விற்பனையைக் கவனிக்கிறவர் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு கிழவர் மைதானத்தின் ஓரத்தில் மழையில் நிற்கிறார். யார் ஆடுவது, யார் வெளியே இருப்பது, யார் எந்த இடத்தில் நிற்பது எல்லாம் அவர் சொல்வதுதான். ஆனால் அவர் பந்தைத் தொடுவதே இல்லை. ஜெயித்தால் ஆடியவர்கள் பெயரைச் சொல்கிறார்கள். தோற்றால் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஊர்க் குழு பெரிய நகரத்துக் குழு ஒன்றைத் தோற்கடித்தது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் கிழவரின் படத்தைப் போட்டு, யுத்தகாலத் தளபதிகளுக்குச் சமமாக வைத்து எழுதியிருந்தது. முற்றுகை, பின்வாங்கல், பக்கவாட்டுத் தாக்குதல் என்று கட்டுரை முழுக்கப் போர்ப் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள்.

எங்கள் மேஸ்திரி ஹாரல்டு பாலைவன யுத்தத்தில் டாங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். அதிகம் பேச மாட்டார். அன்று பத்திரிகையை வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம். இதை எழுதினவன் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்திருக்க மாட்டான்."

மற்றவர்கள் விடவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது இரண்டிலும் ஒன்றுதானே, பயந்தவனைத் தேற்றுவது ஒன்றுதானே என்று வாதாடினார்கள். ஹாரல்டு என் பக்கம் திரும்பினார். "மைக்கேல், நீ பர்மாவில் இருந்தவன். நீ சொல்."

எங்கள் ஜமேதார் இரண்டையும் நடத்தியவர் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் வந்த ஆங்கிலத்தில் அவர் யுத்தத்தை ஆடினார், பந்தோடு சண்டை போட்டார் என்பதுபோல் ஆகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போது சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் வேலைக்கு எழுந்துபோனார்கள்.

2

மைக்கேல் என் பெயர் அல்ல, என் நைனாவின் பெயர். என் பெயர் ஆரோக்கியம். இங்கே வந்த புதிதில் அடையாள அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு நைனாவின் பெயர் மிக்கேல் என்றேன். மார்த்தா தன் நைனாவின் பெயரான சின்னப்பனைச் சொன்னாள். குழந்தைக்கு என்னுடைய பெயர், ஆரோக்கியம். ஒரே வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். குமாஸ்தா அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்குள் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று மிக மரியாதையாகக் கேட்டார். மார்த்தா கழுத்துத் தாலியை எடுத்துக் காட்டினாள். அதை அவர் நகை என்று நினைத்துக்கொண்டு அழகாக இருக்கிறது என்றார். கடைசியில் எல்லோரையும் மைக்கேல் ஆக்கி அனுப்பிவிட்டார்கள்.

யுத்தம் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் இங்கே கறிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன். யுத்தத்தில் ஜெயித்த தேசம் இப்படி வரிசையில் நிற்கிறதே என்று மார்த்தாவுக்கு ஆச்சரியம். பிலோமினாவுக்கு அதெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு என்னை "டாட்" என்கிறாள். நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் வருகிறது. பட்டறையில் சிரித்தார்கள் என்று வீட்டில் சொன்னபோது அவள்தான் என்னைத் திருத்தினாள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரவேண்டும் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஜமேதார்னா யாரு?" என்று அதன் பிறகு கேட்டாள். இதை மட்டும் தமிழில் கேட்டாள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஆங்கிலம் இல்லை.

மார்த்தா என்னைப் பார்த்தாள். "சொல்லுங்களேன். எங்கிட்டயும் நீங்க முழுசா சொன்னதில்ல."

அன்று மகளிடம் சொன்னதையும், அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

3

ராயப்பன் அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்களைப் போலவே கோயில் மணிக்கு எழுந்து நிலத்துக்குப் போகிற வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். யுத்தத்துக்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ஓட்டி, இந்தியச் சிப்பாய்களுக்கு மேலதிகாரியான ஜமேதாராக உயர்ந்தவர். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். ஆனால் அந்தக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பர்மா எல்லையில் மலைப்பாதையில் அரிசியும் குண்டும் ஏற்றிப் போய், அடிபட்டவர்களை ஏற்றி வருகிற எங்கள் லாரிப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது.

அவர் வண்டிகளை வரிசைப்படுத்துவதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. நல்ல டிரைவர்களை எல்லாம் முன்னால் விடுவதுதான் வழக்கம். அவர் அப்படிச் செய்ய மாட்டார். மிக நன்றாக ஓட்டுகிறவனை முன்னால் விடுவார். அவனுக்கு நேர் பின்னால், இருப்பவர்களிலேயே அதிகம் பயப்படுகிறவனை விடுவார். "பயந்தவனுக்கு முன்னாடி போறவனோட விளக்கு தெரியணும். அது போதும் அவனுக்கு," என்பார். கடைசி வண்டி அவருடையது. ஏதாவது நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வரவேண்டியது கடைசி ஆள்தானே.

முன் வண்டி கன்னியப்பனுடையது. அவலூர்பேட்டைக்காரன். என் வயதுதான். சேற்றில் சக்கரம் வழுக்கும்போது வண்டியோடு போராட மாட்டான், அதன் போக்கிலேயே கொஞ்சம் விட்டு, பிறகு திருப்புவான். இரண்டாவது வண்டி என்னுடையது. நான் ஏன் இரண்டாவது என்பதை இப்போது நீங்களே புரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் முன்னணி முகாம் ஒன்றில் அடிபட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். போகிற பாதையில் ஒரு வளைவு எதிர் மலைக்கு நேராக இருந்தது. அந்த மலையில் ஜப்பான்காரர்கள் பீரங்கி வைத்திருந்தார்கள். அந்த வளைவில் மரப்பாலமும் பாதி அரித்துக் கிடந்தது. அதில் வண்டி தாங்குமா என்று யாராவது ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஜமேதார் கன்னியப்பனைக் கூப்பிட்டார். "போவ முடியுமா?"

"போலாம்ணே."

அவன் போனான். அந்தச் சக்கரத் தடத்திலேயே நாங்களும் போனோம். அடிபட்டவர்களை ஏற்றித் திரும்பினோம். அத்தனை பேரையும் ஒரே நடையில் கொண்டுவர முடியவில்லை, முகாமில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். பாலம் இன்னும் மோசமாகியிருந்தது. கனமான மழையில் ஒற்றை வண்டிதான் அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. ஜமேதார் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு மறுபடியும் கன்னியப்பனைக் கூப்பிட்டார். தானும் உடன் வருவதாகச் சொன்னார். கேப்டன் அதை அனுமதிக்கவில்லை, பிரிவை விட்டுப் போகக்கூடாது என்றுவிட்டார்.

கன்னியப்பன் முகாமுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, பாலத்தையும் கடந்துவிட்டான். கடந்த பிறகு, எங்கள் கண்ணெதிரே, வண்டியின் முன்பக்கத்தில் குண்டு விழுந்தது. பின்னால் இருந்த அடிபட்டவர்களை இறக்கிக் காப்பாற்றிவிட்டோம். கன்னியப்பனை முடியவில்லை.

ஜமேதார் அழுது நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை வண்டிகளை வரிசைப்படுத்தினார். முன் வண்டியை என்னிடம் கொடுத்தார். "நீ இப்ப பயப்பட மாட்ட," என்றார். எப்படித் தெரிந்ததோ, அது உண்மையாக இருந்தது.

4

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினோம். செஞ்சியைச் சுற்றி எங்களைப் போல நிறையப் பேர். வண்டி ஓட்டத் தெரியும், ஓட்ட வண்டி இல்லை. காலையில் கடைத்தெருவில் கூடி நிற்பது, சாயங்காலம் யாருடனாவது சண்டை போடுவது என்று நாள் போனது. பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஊருக்கு வந்ததும் சாதி பார்த்துத் தனித்தனியாக நிற்க ஆரம்பித்தார்கள்.

ராயப்பன் ஒரு நாள் பட்டாளத்துப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தார். "சும்மா நிக்கறவன்லாம் வாங்க," என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டால் போய்ப் பழகியிருந்தோம்.

முதலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில், குதிரை லாயத்துக்குப் பக்கத்துச் சமதரையில் ஆடினோம். கோட்டைக் காவலாளி வந்து இது சர்க்கார் பாதுகாப்பில் உள்ள இடம், பந்து பட்டு மண்டபம் விழுந்தால் யார் பொறுப்பு என்றார். பீரங்கி பட்டே விழாத மண்டபம் என்று ஒருவன் சொன்னான். ஜமேதார் அவனை அடக்கிவிட்டு, முறைப்படி தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்தார். மனு திண்டிவனம் போனது, கடலூர் போனது, எந்தக் காரியத்துக்காக எத்தனை பேர் கூடப்போகிறார்கள் என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. அதற்குள் கோடை வந்து ஏரி வற்றிவிட்டது. ஏரியின் உள்வாயில் கல் பொறுக்கி நாங்களே மைதானம் போட்டுக்கொண்டோம்.

அங்கேதான் அவருடைய வேறொரு முகத்தைப் பார்த்தேன். பட்டாளத்துப் பழக்கத்தில் பாதியை வைத்துக்கொண்டார், பாதியை விட்டுவிட்டார். ஆடுவதற்கு முன்னால் ஒவ்வொருவனிடமும் சாப்பிட்டானா என்று கேட்பது அப்படியே இருந்தது. சாப்பிடாதவனை ஆட விட மாட்டார். அதற்காகவே வரும்போது வேகவைத்த வள்ளிக்கிழங்கு ஒரு கூடை கொண்டுவருவார். ஆனால் உத்தரவு போடுவதை விட்டுவிட்டார். "இந்த எடத்துல நின்னா உனக்கு சரியா வருதா?" என்று கேட்பார். சண்டைக்காரர்களான மாமன் மச்சான் இருவரைப் பின்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒருவன் மற்றவன் தப்பைக் கண்ணிமைக்காமல் கவனித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் பந்து போகவே போகாது. அதைப் பார்த்து அவர் மட்டும் சிரிப்பார்.

ஒரு நாள் ஏழுமலை வந்தான். கன்னியப்பனின் தம்பி. பட்டாளத்துக்குப் போகாதவன், அவலூர்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். ஜமேதாருக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராக மைதானத்துக்குள் இறங்கி ஆட ஆரம்பித்தான். எங்களில் ஒருவனாலும் அவனிடமிருந்து பந்தை வாங்க முடியவில்லை.

"ஜமேதாரே, நான் இந்த எடத்துலதான் ஆடுவேன்," என்று முன்வரிசை நடுவைக் காட்டினான். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். அவன் மட்டும் பதவியைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"ஆடு," என்றார் ராயப்பன்.

அவர்கள் இருவரும் அதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. கன்னியப்பனைப் பற்றி ஒருவர் வாயிலும் வரவில்லை. நாங்கள்தான் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் போலத் தவித்தோம்.

5

விழுப்புரத்தில் அரிசி ஆலை முதலாளிகள் சேர்ந்து பந்தயம் நடத்தினார்கள். நாங்கள் ஒவ்வோர் ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் விழுப்புரத்துக் குழு. பாதிப் பேர் பூட்ஸ் போட்டவர்கள். நாங்கள் வெறுங்கால்.

அந்த ஆட்டத்தில் கோப்பையைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. செஞ்சி வழியாக, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரியடுப்பு பஸ்கள் விட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒருவர், புதிதாக லாரிகள் வாங்கப்போவதாகவும், நாங்கள் ஜெயித்தால் எங்கள் டிரைவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொள்வதாகவும் ஊரறியச் சொல்லியிருந்தார். எங்களில் பலருக்குக் குழந்தைகள் இருந்தன. அன்று காலை கோயிலில் பூசை முடிந்து எல்லோர் வீட்டிலிருந்தும் வழியனுப்ப வந்தார்கள். யுத்தத்துக்குப் போனபோதுகூட அவ்வளவு பேர் வரவில்லை.

முதல் பாதியில் ஏழுமலை ஒரு கோல் போட்டான். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். சமமாக இருந்தபோது, பந்துக்காக ஏழுமலையும் அவர்களுடைய பின்வரிசை ஆளும் மோதிக்கொண்டார்கள். பூட்ஸ் கால் முழங்காலில் பட்டது. ஏழுமலை விழுந்தான், எழவில்லை.

ஜமேதார் உள்ளே போய் அவனைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார். தண்ணீர் குடித்துவிட்டு ஏழுமலை எழுந்து நின்றான். ஒரு காலை ஊன்ற முடியவில்லை. ஆனாலும் மைதானத்தைப் பார்த்து நடந்தான்.

ஆட்டத்தின் நடுவில் அடிபட்டால் வேறு ஆளை இறக்க விதி கிடையாது. அவன் வெளியே இருந்தால் பத்துப் பேரோடு ஆடவேண்டும். அடிபட்டவனை ஓரத்தில் சும்மா நிறுத்திவைப்பது வழக்கம்தான். பந்து வந்தால் ஒரு உதை உதைப்பான், அவனைக் கண்காணிக்க எதிரி ஓர் ஆளை ஒதுக்குவான். எங்கள் ஆட்களும் கூட்டமும் அதைத்தான் கேட்டார்கள். "ஓரமா நிக்கட்டும்ணே." பஸ் முதலாளியே நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சொன்னார்.

ராயப்பன் ஏழுமலையின் முன்னால் போய் நின்றார். "உக்காரு."

"நான் நிப்பேன். வுடு."

"நின்னா ஓடுவ. எனக்குத் தெரியும். உக்காரு."

ஏழுமலை அவரைத் தள்ளப் பார்த்தான். முடியவில்லை. அப்போது அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டான். "எங்கண்ணன ரெண்டாவது வாட்டி அனுப்பும்போது இந்த யோசன எங்க போச்சு? அவன் நல்லா ஓட்டறான்னு அனுப்பின இல்ல? நான் நல்லா ஆடல? அனுப்பு."

 நான் மைதானத்தின் உள்ளே, கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜமேதாரின் முகம் எனக்குத் தெரிந்தது. பர்மாவில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாரே, அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.  ஏழுமலையின் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தித் தரையில் உட்காரவைத்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

லாரி வரிசைக்குக் காட்டுகிற கைச்சைகை அது. நெருங்கி வா, வேகத்தைக் குறை. பட்டாளத்துக்காரர்கள் எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் இறங்கி நெருக்கமாக நின்றுகொண்டோம். அதற்குப் பிறகு நடந்தது ஆட்டமே அல்ல. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நாங்கள் தடுத்துக்கொண்டே இருந்தோம். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே எல்லாப் பந்துகளையும் வெளியே அடித்தார்கள். ஓரத்திலிருந்து அந்தக் கை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எதிரிக் கூட்டமே எங்களுக்காகக் கை தட்ட ஆரம்பித்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மூலையிலிருந்து வந்த ஒரு பந்து ஒருவன் தலையில் பட்டு எங்கள் கோலுக்குள் போய்விட்டது. தோற்றோம்.

தரையில் விழுந்து கிடந்தோம். சிலர் அழுதார்கள். ஜமேதார் வந்து நடுவில் நின்றார். "நீங்க தோக்கல. ஆள வெளிய எடுத்தவன் நானு. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லுங்க."

சாயங்காலம் ஏழுமலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைப் பிடிப்புதான், பதினைந்து நாள் ஓய்வு எடுத்தால் போதும் என்றார். ஓரத்தில் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். வீணாக ஆட்டத்தைக் கெடுத்தார் என்றார்கள்.

ராயப்பன் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நிச்சயமா ஒண்ணும் இல்லியா?" இல்லை என்றதும் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். பெரிய சுமையை இறக்கி வைத்தவன் மூச்சு விடுவதுபோல அவருக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது.

6

மறுநாள் காலை அரிசி மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்றை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். முன்னால் எனக்குப் பக்கத்தில் ஏழுமலை, அவனுக்கு அந்தப் பக்கம் ஜமேதார்.  பனமலை ஏரிக்கரையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன்.

நான் ஏரியில் தண்ணீர் மொண்டு திரும்பும்போது அவர்கள் இறங்கிக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலைதான் ஆரம்பித்திருக்கவேண்டும்.

"கால்ல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத்தன பேரு வேல போச்சு. உங்களுக்கு இன்னா கெடச்சுது?"

ராயப்பன் ஏரியைப் பார்த்தபடி சொன்னார். "உங்கண்ணன நான் ஏன் மறுபடியும் அனுப்பினேன்னு கேட்ட. சொல்றேன். அன்னிக்கு யாரையாவது அனுப்பித்தான் ஆவணும். அனுப்பலன்னா அங்க கெடக்கறவன்லாம் செத்துடுவான். யார அனுப்பினா வண்டி திரும்பி வரும்னு பாத்தேன். அவன்தான் வந்தான் கண்ணுல. எத்தினி வாட்டி திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்தாலும் அவன்தான் வரான். அங்க தோக்கறதுக்கு எடம் இல்லடா."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து அப்டி இல்ல. நேத்து தோக்கலாம். தோத்தா வூட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கலாம். வேல போனா வேற வேல தேடலாம். உன்ன அனுப்பித்தான் ஆவணும்னு ஒண்ணும் இல்ல. அனுப்பாம இருக்க முடிஞ்சுது. இருந்தேன்."

வண்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது. நான் அதைக் கவனிக்காமல் நின்றிருந்தேன்.

ஏழுமலை எழ முயன்றான். கால் இடம் கொடுக்கவில்லை. "கை குடுண்ணே," என்றான்.

அவலூர்பேட்டையில் அவன் வீட்டு வாசலில் அவனுடைய அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகனை நாங்கள் தாங்கி வருவதைப் பார்த்ததும் முறம் கவிழ்ந்தது.

"ஒண்ணுமில்லம்மா. சுளுக்கு. இவருதான் ஆட வுடல."

அவள் மகனின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ராயப்பனைப் பார்த்தாள். "நீதானா அந்த ஜமேதாரு?"

"ஆமாம்மா."

"நீ வருவ வருவன்னு பாத்துக்கினு இருந்தேன். இத்தினி நாளா வர்ல."

"வர தைரியம் இல்லம்மா."

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். "வெயில்ல நிக்காத. உள்ள வா."

ராயப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனார். நான் வண்டியிலேயே இருந்துவிட்டேன். அவர் வெளியே வர நெடுநேரம் ஆனது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பஸ் முதலாளி சொன்ன சொல்லிலேயே நின்றார். தோற்றவர்களுக்கு வேலை இல்லை என்றார். ஆனால் ராயப்பனைத் தனியாகக் கூப்பிட்டனுப்பி, "பத்துப் பேர வெச்சிக்கினு அவ்ளோ நேரம் தாங்கினியே, என் ஷெட்ட நீ பாத்துக்க," என்றார். ராயப்பன் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகு, லாரி ஒவ்வொன்றாக வர வர, எங்கள் ஆட்களை ஒவ்வொருவனாக உள்ளே கொண்டுவந்துவிட்டார். முதலில் பிள்ளைக்குட்டிக்காரர்கள். கடைசியாக ஏழுமலைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து அவனையும் எடுத்துக்கொண்டார். என் முறை வருவதற்குள் கேப்டன் என்னைக் கூப்பிட்டுவிட்டார், நான் கடல் தாண்டி வந்துவிட்டேன்.

7

இதையெல்லாம் மகள் திருத்திக்கொடுத்த ஆங்கிலத்தில் போன ஞாயிற்றுக்கிழமை ஹாரல்டிடம் சொன்னேன். அவர் எங்களை டீக்கு அழைத்திருந்தார். டீதானே என்று வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். இந்தப் பக்கத்தில் டீ என்றால் ராச்சாப்பாடாம். தங்கள் ரேஷன் கறி முழுவதையும் எங்களுக்காகச் சமைத்து வைத்திருந்தார் அவர் மனைவி. மார்த்தா என் காலை மிதித்தாள். மூன்று பேரும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு கணப்பின் முன்னால் உட்கார்ந்து நான் பேசினேன். சொல் கிடைக்காமல் நின்றபோது பிலோமினா எடுத்துக் கொடுத்தாள். இந்த ஊர்ப் பந்தாட்ட மேனேஜர் நல்லவர்தான், கெட்டிக்காரர்தான், ஆட்களை அறிந்தவர்தான், அதிலெல்லாம் தளபதிக்குக் குறைந்தவர் இல்லை என்றேன். ஆனால் அவர் தோற்கலாம். அந்தச் சலுகை இருக்கும்போது ஒருவன் தன் ஆளை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அவன் யார் என்பது தெரிகிறது என்றேன். என் ஆங்கிலத்தில் இது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

ஹாரல்டு நெருப்பைக் கிளறினார். பாலைவனத்தில் தான் அனுப்பிய ஆட்களைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இதைத்தான் கேட்டார்.

"அந்த டிரைவரின் பெயர் என்ன?"

"கன்னியப்பன்."

அவர் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நடுவில் எங்கேயோ நாக்கு மாட்டிக்கொண்டது. பிலோமினா போய் அவர் முன்னால் நின்று, அதைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். தப்பாக வந்தது. அவர் மனைவி தட்டுகளை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். ஹாரல்டு கையால் அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். பெயர் சரியாக வரும்வரை விடவில்லை.